நாலாயிரத்துக்குள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதையே என் மாமியார் சொன்னபோது சண்டைக்குப் போனேன்; இப்போது நானே ஒத்துக்கொள்கிறேன். அன்றைக்குக் கடையில் அந்த வாயை அடக்கியிருந்தால் என் வீட்டுக்காரர் இந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்திருக்க மாட்டார் என்று இன்று காலை வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதய ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் வீட்டில் இருந்த பிறகு, வேலைக்குப் போகலாம் என்றார் டாக்டர். ஆனால் ஒரு கண்டிஷன். "ஒரு நாளைக்கு நாலாயிரம் அடிக்குள்ள நடந்தா இதயம் தாங்கும். அதுக்கு மேல போனா நான் பொறுப்பில்லம்மா."

இவருக்குக் கிடங்கில் வேலை. பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் அலமாரிகளில் அடுக்க வேண்டும். சூப்பர்வைசர் நல்ல மனுஷன். கனமான பெட்டி எதுவும் தர மாட்டேன், பாதி நேரம் உட்கார்ந்து லேபிள் ஒட்டட்டும் என்றார். சரி, இவர் எத்தனை அடி நடக்கிறார் என்று கூடவே போய் யார் எண்ணுவது? நான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள், அங்கே மிஷினை விட்டு நகர முடியாது. அதனால் அடி எண்ணுகிற கருவி ஒன்று வாங்கலாம் என்று இரண்டு பேருமாகக் கிளம்பினோம்.

கடையில் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கையில் கட்டுகிற பட்டை. தொட்டால் எண் பளிச்சென்று தெரியும், நாடித் துடிப்பும் காட்டும். இன்னொன்று பெல்ட்டில் மாட்டுகிற சின்னப் பெட்டி. அதற்கு அடியை எண்ணுவதைத் தவிர ஒன்றும் தெரியாது, பார்க்கவும் அழுமூஞ்சியாக இருந்தது.

"சாருக்கு என்ன வேலைம்மா?" என்று கேட்டார் அவர்.

எனக்குச் சுருக்கென்றது. இவருடைய தேய்ந்த செருப்பைப் பார்த்துவிட்டு எங்களை எடைபோடுகிறார் என்று பட்டது.

"ஏன், பொண்ணு குடுக்கப் போறீங்களா?" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இவர் என் முழங்கையைக் கிள்ளினார். கடைக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இல்லம்மா, அதைப் பொறுத்துதான்..." என்று இழுத்தார்.

"கையில கட்டுறதையே குடுங்க. துடிப்பும் தெரியுதுல்ல, அது போதும்."

மனுஷர் அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. பில் போட்டுக் கொடுத்தார், வந்துவிட்டோம்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இவர் வாசலிலேயே கையை நீட்டுவார். இரண்டாயிரத்து நூறு. இரண்டாயிரத்து நானூறு. மூவாயிரத்தைத் தாண்டினதே இல்லை. "பாத்தியா, உன் புருஷன் எவ்வளவு சமத்துன்னு?" என்பார். எனக்குத் தலைகால் புரியாது. ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். டாக்டரே அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஒரு மாதம் போனது. இவருக்குக் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். "என்னங்க, ஒரு மாதிரியா இருக்கீங்களே?" என்றால் கையைத்தான் காட்டுவார். நானும் வீங்கின காலைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அந்த எண்ணை நம்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மூன்று நாளைக்கு முன்னால், பகல் பதினோரு மணிக்கு, இரண்டு அலமாரிகளுக்கு நடுவே விழுந்துவிட்டார். கூட வேலை பார்க்கிறவர்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். எப்போதும் தொப்பியோடு இருப்பதால் அவருக்குத் தொப்பி என்றே பெயர். நர்ஸ் பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். ஆயிரத்து நூற்று நாற்பது என்று காட்டியது.

"காலையிலேருந்து முப்பது நடை வண்டி தள்ளிட்டார் தங்கச்சி," என்றார் தொப்பி. "ஒவ்வொரு நடையும் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும்."

"இதுல ஆயிரத்துச் சொச்சம்தானே இருக்கு?"

அவர் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

வராந்தாவில் ஒரு சக்கர நாற்காலி காலியாக நின்றது. பட்டையை என் கையில் கட்டிக்கொண்டேன். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, லிஃப்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். வாய்விட்டு எண்ணினேன், இருநூற்று ஆறு அடி. பட்டையில் நாலே நாலுதான் ஏறியிருந்தது. நாற்காலியை விட்டுவிட்டுக் கையை வீசி நடந்தேன். மளமளவென்று ஏறியது. கை வீசினால்தான் அதற்கு நடை. வண்டியைப் பிடித்த கை எங்கே வீசும்? பெல்ட்டில் மாட்டுகிற பெட்டியாக இருந்தால் கை வீசாவிட்டாலும் எண்ணியிருக்கும். இதற்குத்தான் அந்தக் கடைக்காரர் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, ஊரே பார்க்க அழுதேன்.

இன்று காலைதான் இவருக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. மனசில் வைத்துக்கொள்ள முடியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "என் வாய்தாங்க உங்களை இங்க கொண்டுவந்து படுக்க வெச்சிருக்கு. கடையில கேட்டவர்கிட்ட வண்டி தள்ளுறார்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த பெல்ட்டுப் பெட்டியையே குடுத்திருப்பார்."

இவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வண்டி தள்ளறப்ப அது எண்ணாதுன்னு. ரெண்டாம் நாளே தெரியும்."

"பின்ன ஏன் சொல்லல?"

"லேபிள் ஒட்டுற வேலை ஒரு வாரத்துல முடிஞ்சுபோச்சு. மறுபடி முழு நேரமும் வண்டிதான். சொல்லணும்னுதான் இருந்தேன் இவளே." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆபரேஷனுக்கு அப்புறம் நீ தூங்கவே இல்ல. எனக்கு மூச்சு வருதா வருதான்னு பாத்துக்கிட்டே கிடப்ப. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? அந்த எண்ணைப் பாத்த அன்னிக்குதான் அசந்து தூங்கின. உன் மூஞ்சியப் பாத்தேன். எப்படிச் சொல்றது?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூக்கில் குழாய் மட்டும் இல்லாதிருந்தால் தோளைப் பிடித்து உலுக்கியிருப்பேன்.

"என்னைத் தூங்க வெச்சிட்டு நீங்க கிளம்பிடலாம்னு பாத்தீங்களா?"

இவர் கண்ணோரத்தில் வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. அதைத் துடைத்துவிட்டேன். ஆனாலும் கோபம் ஆறவில்லை. டாக்டர் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; இன்னும் இரண்டு நாள் போகட்டும் என்கிறார். பிழைத்துக்கொள்வார் என்று அவர் வாயால் சொல்லட்டும், அப்புறம் ஆறிக்கொள்கிறேன்.