சாலமோன் போட்ட வேஷம்

சாலமோனைச் சவப்பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தபோது மகள் மோனிகா லேப்டாப்பைத் திறந்தாள். அவள் அம்மா கங்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பன் அங்க படுத்துகினு கீறாரு, உனுக்கு இன்னாடி இப்போ வேல?"

"இதுவும் அப்பா வேலதாம்மா."

உண்மைதான். நாடகங்களைக் கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி விவரிப்பதுதான் மோனிகாவின் உத்தியோகம். எந்த நாடகம், எந்த மேடை, யாருக்கு என்ன வேஷம், யார் செய்தது யாரைத் தொட்டது என்று ஒவ்வொன்றையும் உறவு சொல்லி முடிச்சுப் போட வேண்டும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்குகிறவர்கள் கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் போடும் நாடகத்தையும் ஆசையாகச் சேர்த்திருந்தாள். அதில் சாலமோனுக்கு வருஷா வருஷம் ஒரே வேஷம், பிணம். கூட வேலை செய்யும் ஜோசப் சேலை கட்டிப் பெண்டாட்டியாக வந்து மேலே விழுந்து அழுவார். பிணத்துக்கு வசனமும் இல்லை, அசைவும் இல்லை. ஆகவே மோனிகா அதை மேடைப் பொருள்களோடு சேர்த்துவிட்டாள். படித்த பெண் செய்கிற வேலையா இது!

போன வாரம் அதைப் பார்த்த சாலமோன் சிரித்தார். "கட்டிலு, லாந்தரு, நானு. நல்லா கீதும்மா." சிரித்தவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மாத்திடறேன்ப்பா என்றவள் நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தாள். நேற்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

மண்ணுக்குள் போகுமுன் அவரை மனிதர்கள் பக்கம் கொண்டுவந்துவிட வேண்டும். ஆனால் நடிகர் என்றால் மேடையில் ஏதாவது செய்திருக்க வேண்டுமே? அந்த விதியை வகுத்தவளும் அவள்தான். பெட்டியருகே உட்கார்ந்திருந்த ஜோசப்பிடம் போனாள்.

"மாமா, மேடையில அப்பா இன்னாதான் செய்வாரு?"

"எனுக்கு எங்கம்மா அழுவ வரும்? எதிர்ல ஜனம் சிரிச்சிக்கினு இருக்கும். போர்வைக்குள்ள கைய வுடுவேன். உங்கப்பன் புடிச்சி ஒரு அமுக்கு அமுக்குவான். அவ்ளோதான், பொலபொலன்னு கொட்டிக்கும்."

மோனிகா பொருள்களின் நடுவிலிருந்து அப்பாவை எடுத்தாள். சாலமோன், நடிகர். ஜோசப்பின் அழுகையிலிருந்து அப்பாவுக்கு ஒரு கோடு இழுத்தாள். உறவு: அழவைத்தவர். அப்பா இதைப் பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தாங்கவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"பாஸ்டரு வந்துட்டாரு, மூடிய எடுத்துகினு வாங்கப்பா," என்று வாசலில் யாரோ குரல் கொடுத்தார்கள்.

ஜோசப்பின் கை வெள்ளைத் துணிக்குள் இருந்தது. கண்கள் காய்ந்து கிடந்தன.

"அண்ணா, கைய எடுண்ணா," என்றாள் கங்கம்மா.

"இரு தங்கச்சி. அவன் இன்னும் அமுக்கல."

மூடியைத் தூக்கி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.