ராதோஸ்லாவின் ஓட்டு

கலோயன் தன் அப்பாவின் முகத்தை அடுக்ககத்தின் வாசல் கதவில் மூன்றாவது முறையாக ஒட்டிக்கொண்டிருந்தான். டான்யூப் காற்றுக்கு இறப்பு அறிவிப்பு, தள்ளுபடி விளம்பரம் என்ற பேதமெல்லாம் கிடையாது. ‘ராதோஸ்லாவ், லிஃப்ட் மெக்கானிக், 67 வயது’ என்ற தாள் ஏற்கெனவே இரண்டு முறை புதருக்குள் போய் விழுந்திருந்தது.

“எந்த டாக்டர் பாத்தாரு? வலிக்குதுன்னு சொன்னாரா? இனிமே அம்மா தனியாவா இருப்பா?” என்று கேட்டபடி கீழ்வீட்டு ஸ்தேஃப்கா பக்கத்தில் நின்றாள். “இல்ல, உன்கூட சோஃபியாவுக்கு வர்றாளா?”

“இனிமேதான் பேசணும், அத்தை,” என்ற கலோயன், மிச்சக் கேள்விகளுக்குப் பதிலாக டேப்பைப் பல்லால் கடித்தான்.

காலையிலேயே அடக்கம் முடிந்துவிட்டது. சர்க்கரை போட்ட அவித்த கோதுமையை ஆளுக்கொரு கரண்டி வாங்கிக்கொண்டு, “கடவுள் மன்னிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு உறவினர்கள் கிளம்பியிருந்தார்கள். மேலே அம்மா இஸ்க்ராவோடு இரண்டு பேர்தான் மிச்சம். ஓக்னியானும் புளாமெனும் ரூஸே நகர லினக்ஸ் சங்கத்தினர். சங்கத்தின் மொத்த பலம் ஒன்பது. செவ்வாய்க்கிழமை முதல் எட்டு.

கலோயனின் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. ஞாயிறன்று அவன் சோஃபியாவுக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அப்பாவின் கம்ப்யூட்டரில் இருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைத் துடைத்துவிட்டு, தன் அலுவலகத்தில் இருப்பதைப் போட்டுவிடத் திட்டம். அப்போதுதான் ஏதாவது கோளாறு என்றால் அம்மாவுக்குப் போனிலேயே சொல்லித்தர முடியும். நேற்று இதைச் சொன்னபோது அம்மா பதில் சொல்லவில்லை. சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

கலோயன் மேலே வந்து உட்கார்ந்ததும் ஓக்னியான் தொண்டையைச் செருமினார். “அண்ணி, இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்...”

“அப்ப கேக்காத,” என்றார் புளாமென்.

“நீயும்தானே படியேறும்போது கேக்கச் சொன்ன?” ஓக்னியான் இஸ்க்ராவிடம் திரும்பினார். “அக்டோபர்ல எங்க கூட்டம். இன்டர்நெட் பாக்க, தினசரி உபயோகத்துக்கு யாருக்கு எந்த உலாவி பிடிச்சதுன்னு வருஷா வருஷம் ஓட்டு எடுப்போம். ராதோ பேருக்கு நேரா ஒன்பது வருஷமா ‘பரிசீலனையில்’னுதான் எழுதறோம்.”

“இவன் ஃபயர்பாக்ஸ், நான் விவால்டி. நாலுக்கு நாலு,” என்றார் புளாமென். “இந்த வருஷம் கட்டாயம் சொல்றேன்னாரு. உங்ககிட்ட ஏதாவது...?”

கலோயனுக்குக் கோபம் வந்தது. குழி மண்கூடக் காயாத மனிதனிடம் ஓட்டுக் கேட்க வந்திருக்கிறார்கள். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். இன்றைக்கே துடைத்துவிட வேண்டும்.

“அவரோட விமர்சனம் தனி ரகம்,” ஓக்னியான் கோதுமைக் கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார். “ஒரு உலாவியைப் பத்தி, ‘கதவைத் திறக்கறதுக்குள்ள பத்துக் கேள்வி கேக்குது, அது கீழ்வீட்டு ஸ்தேஃப்கா’ன்னாரு. நாங்க அதையே கூட்டக் குறிப்புல எழுதினோம்.”

“அது நான் சொன்னது,” என்றாள் இஸ்க்ரா.

மூவரும் அவளைப் பார்த்தார்கள்.

“இன்னொண்ண, ‘நாப்பது பேர் உக்காந்தா மூச்சு வாங்கற பழைய டிராலி பஸ்’னு சொல்லியிருப்பாரே?”

“பக்கங்களை நிறையத் திறந்தா...” புளாமென் எழுந்தே விட்டார். “அதுக்கு நாங்க கைதட்டினோம், அண்ணி!”

“அதுவும் நான்தான். ஒவ்வொண்ணா கொண்டுவந்து நிறுவுறது அவர் வேலை. மாசம் பூரா உபயோகிக்கறது நான். திட்டினா பேப்பர்ல எழுதிப்பாரு. அவருக்கு எங்க நேரம்? முனையத்தைத் திறந்து கறுப்புத் திரையில ஏதாவது தட்டிட்டே இருப்பாரு.”

“அம்மா, நீயா?” என்றான் கலோயன். “உனக்கு மவுஸ் பிடிக்கவே வராதேம்மா.”

“நீ கடைசியா பாத்தது பத்து வருஷம் முன்னால.”

அவன் பையிலிருந்து பென் டிரைவை வெளியே எடுத்தான். எடுத்தது எதற்கென்று அவனுக்கே தெரியவில்லை. இஸ்க்ரா கையை நீட்டி அவன் விரல்களை மூடிவிட்டாள்.

“அதை சோஃபியாவுக்கே எடுத்துட்டுப் போ, கண்ணா. அங்க யாராவது தனியா இருக்கற அம்மா இருந்தா குடு.”

அவன் ஆமாம் என்று, அந்த ஊர் வழக்கப்படி, தலையை இருபுறமும் அசைத்தான்.

“சரி, ராதோவோட ஓட்டு?” என்றார் ஓக்னியான், ரொம்பத் தாழ்ந்த குரலில்.

“ராதோ ஓட்டு அவரோட போச்சு. என் ஓட்டு வேணும்னா சங்கத்துல சேத்துக்கங்க.”

சங்கத்தின் இரு அணிகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. விதிகளில் இடமிருப்பதாக புளாமென் சொன்னார். விதிகள் என்று ஒன்று இருப்பது ஓக்னியானுக்கு அப்போதுதான் தெரியும்.

இஸ்க்ரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஃபயர்பாக்ஸைத் திறந்தாள். இதையே எப்போதும் பயன்படுத்தும் உலாவியாக வைத்துக்கொள்ளவா என்று அது கேட்டது.

“இதுக்கு ‘இப்போ வேண்டாம்’னுதான் அழுத்தணும்னு சொல்வாரு. எல்லாருக்கும் வாய்ப்புக் குடுக்கணுமாம்.”

இந்த முறை ‘ஆம்’ என்பதை அழுத்தினாள்.

ஓக்னியானின் கை வெற்றியில் மேலே போனது. பாதி வழியில் தன் கறுப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டார். மறுஎண்ணிக்கை வேண்டுமென்று புளாமென் முணுமுணுத்தார்.

இஸ்க்ரா எழுத்தைப் பெரிதாக்கினாள். டான்யூப் நதி நீர்மட்டப் பக்கம் வந்தது. சமையலறைப் பக்கம் முகத்தைத் திருப்பி உரக்க வாசித்தாள்.

“ரூஸே, இருநூத்திப் பதினாலு. நேத்தைவிட மூணு சென்டிமீட்டர்...”

பாதியில் நிறுத்தினாள். தினமும் அங்கே குழாயடியில் நின்று இதைக் கேட்டவர் இப்போது இல்லை.

கலோயன் எழுந்து சமையலறைக்குள் போனான். குழாயைத் திறந்து மூடினான்.

“கேக்கலம்மா,” என்றான் உள்ளேயிருந்து. “எவ்ளோ ஏறியிருக்கு?”