ஹெக்டர் பிரான்ஸ் மலைக்கிராமம் பார்க்கப் போனது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு ஹெக்டர் சப்பாத்து மாட்டத் தொடங்கினார். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். லிங்கநகர் வீட்டை விட்டு அந்த வெயிலில் இறங்க அவருக்கு ஒரு அலுவலும் கிடையாது.

"எங்க வெளிக்கிடுறீங்கள்?" என்று குசினியிலிருந்து கேட்டாள் மனைவி மரியமலர்.

"பிரான்சுக்கு."

பிரான்சில் இருக்கும் மகள் நிரோஷினி அன்றைக்குப் பழைய மலைக்கிராமம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தாள். வீடியோவில் அப்பாவுக்கும் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். கதிரையில் சாய்ந்துகொண்டு பார்க்க ஹெக்டருக்கு மனம் வரவில்லை.

"பிள்ளை அங்க மூச்சு வாங்க ஏற, நான் இஞ்ச காலை நீட்டிக்கொண்டு பாக்கிறதோ?"

அங்கே குளிர் என்று கேள்விப்பட்டதால் கம்பளிச் சட்டையையும் போட்டுக்கொண்டார்.

நிரோஷினி கற்படிகளில் ஏற, ஹெக்டர் வீட்டுக்குப் பின்னால் இருந்த குன்றின் ஒழுங்கையில் ஏறினார். அவள் இடப்பக்கம் திரும்ப, அவரும் திரும்பினார். கண் கைபேசியை விட்டு அசையவில்லை. தேன்நிறக் கற்சுவர்கள், நீல யன்னல்கள், யன்னலுக்கு யன்னல் பூச்சட்டி. நடுவில் ஒரு நாய் குரைத்தது. எந்த நாட்டு நாய் என்று தெரியாததால் பொதுவாக "சூ!" என்று ஒரு சத்தம் போட்டு வைத்தார்.

உச்சிக்குக் கிட்ட, பச்சைக் கதவடியில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் நிரோஷினியைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"அப்பா, கோப்பி குடிச்சிட்டுப் போகட்டாம். போகவோ?"

"ஆசையாக் கூப்பிட்டாப் போகாமல் விடுறது பிழை மகள். வா, போவம்."

மகள் அந்தக் கதவுக்குள் நுழைய, ஹெக்டரும் தனக்கு முன்னால் திறந்து கிடந்த கதவுக்குள் நுழைந்தார். "மெர்சி, மெர்சி" என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக்கொண்டே போய்க் கதிரையில் அமர்ந்தார்.

அது பிரியதர்சினி என்ற பெண்ணின் வீடு. பின்பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியோடு ஓடி வந்தாள்.

"ஐயா, ஆரைத் தேடுறீங்கள்?"

ஹெக்டர் கைபேசியை அவள் பக்கம் திருப்பினார். "மகள் கோப்பி குடிக்கிறா."

பிரியதர்சினி குனிந்து பார்த்தாள். மேசையில் கோப்பி, ஒரு தட்டு நிறைய சீஸ்; கிழவர் எதையோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். அங்கே அப்படி உபசாரம் நடக்க, தான் கத்தியோடு நிற்பது அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. கையைக் கழுவிவிட்டுத் தேத்தண்ணி ஊற்றப் போனாள்.

தேத்தண்ணி வந்தபோது படம் நின்றுபோயிருந்தது. திருப்பித் திருப்பி எடுத்தும் மகளின் போன் வேலை செய்யவில்லை. ஹெக்டர் குடித்து முடித்தார். எழும்பவில்லை.

"ஐயா வீட்ட போகேல்லையோ?"

"எப்பிடிப் பிள்ளை போறது? மகள் இன்னும் மலையில நிக்கிறா. பொம்பிளைப்பிள்ளையைத் தனிய விட்டிட்டு நான் இறங்க ஏலாது."

"ஓம், அதுவும் சரிதான். மகளுக்கு எத்தினை வயசு?"

"நாப்பத்தொண்டு."

பிரியதர்சினி அவரிடம் வீட்டு நம்பரைக் கேட்டு வாங்கி மரியமலருக்கு எடுத்தாள். மரியமலர் ஓட்டோவில் வந்து இறங்கினாள்.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ! ஆக்கள் சிரிக்கப்போகினம்."

"நிரோ இறங்கட்டும்."

கம்பளிச் சட்டை வியர்வையில் ஊறி அவர் உடம்போடு ஒட்டியிருந்தது. இன்னும் இரண்டு சொல் ஏசத்தான் மரியமலர் வாயைத் திறந்தாள். ஆனால் மகள் முன்பின் தெரியாத வீட்டில் இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பக்கத்துக் கதிரையில் மெல்ல உட்கார்ந்தாள்.

"அவை நல்ல ஆக்களோ?"

"சீஸ் எல்லாம் வைச்சவை."

வெயில் சாயும் நேரத்தில் கைபேசி அடித்தது.

"அப்பா, சொறி, போனில சார்ஜ் முடிஞ்சு போச்சு. நான் எப்பவோ இறங்கீட்டன். இப்ப ரெயினில வீட்ட போறன், இஞ்சதான் சார்ஜ் போட்டனான்."

ஹெக்டர் எழும்பினார். பிரியதர்சினிக்கு நன்றி சொல்லிவிட்டு வாசலில் வந்து தயங்கி நின்றார்.

"ரெயினுக்கு இப்ப என்ன செய்யிறது?"

"ஓட்டோ நிக்குது. ஏறுங்கோ," என்றாள் மரியமலர்.

அவர் ஓரமாக உட்கார்ந்து கைபேசியைப் பிடித்துக்கொண்டார். அதில் திராட்சைத் தோட்டங்கள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. மரியமலரும் எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தவள், ஓட்டோக்காரரின் தோளில் தட்டினாள்.

"தம்பி, கொஞ்சம் கெதியா விடும். அவள் முந்தப்போறாள்."