கதிரேசனின் பாத்தியில் கரி

சிங்கப்பூரில் மண்ணைப் பற்றி முழுதாக அறிந்தவர்கள் இரண்டே பேர். முதலாமவர் கதிரேசன். இரண்டாமவர் யார் என்பதை அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.

இதை அவர் பெருமைக்காகச் சொல்வதில்லை. வானிலை அறிக்கை வாசிப்பவரைப் போல உள்ளதை உள்ளபடி சொல்வார். சுவா சூ காங்கில் அவருடைய அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் அவருக்கு ஒரு பாத்தி உண்டு. அதில் விளையும் முளைக்கீரையைப் பார்த்து வாழைக்கன்றே வெட்கப்படும். வாரம் தவறாமல் ஒரு கட்டு பக்கத்து வீட்டு அப்துல் கஃபாருக்குப் போகும். அங்கிருந்து உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்த சூடான கறிபாப் வரும். ரகசியம் என்னவென்று யாராவது கேட்டால், "கைராசி" என்பார்.

அந்தக் கைராசிக்குத்தான் சோதனை வந்தது. ஐந்தாம் மாடி யாமினி பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் பொறியியல் படிக்கிறாள். பயிற்சிக்காகத் தோட்டத்து மண்ணையும் கீரையையும் எடுத்துப்போய்ச் சோதித்தாள். பக்கத்துப் பாத்திகள் இரண்டில் கொஞ்சம் ஈயம். கதிரேசன் பாத்தியில் கொஞ்சமல்ல.

தோட்டக் குழு கூடியது. கீரையை யாரும் சாப்பிடக்கூடாது. அடுத்த சோதனையிலும் கீரையில் ஈயம் இருந்தால் பாத்தியை அப்படியே தோண்டியெடுத்துவிட்டு, பெரியவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூழாங்கல் பாதை போட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

"மெஷின்ல கோளாறு" என்றார் கதிரேசன்.

"அதுக்கு வழி இருக்கு, அங்கிள்" என்றாள் யாமினி. "தேங்காய்ச் சிரட்டையைக் காத்து படாம சுட்டுக் கரியாக்கணும். பயோசார்னு சொல்வாங்க. பொடிச்சு மண்ணுல கலந்தா ஈயத்தைப் புடிச்சு வச்சுக்கும். வேர் அதிகமா இழுக்காது."

"ஈயம் எங்கயும் போகாது?"

"போகாது. அங்கயேதான் இருக்கும்."

"திருடனை வீட்டுக்குள்ளயே கட்டிப்போட்டுட்டு, வீட்ல திருட்டே இல்லங்கிற."

"அவிழ்த்து விட்டா சாப்பாட்டுத் தட்டுக்கு வந்துடுறானே, அங்கிள்."

கூட்டத்தில் இருந்த கஃபார் சிரித்துவிட்டார். கதிரேசனால் பொறுக்க முடியாமல் போனது அதுதான்.

"கரி போட இது தோட்டமா, குச்சியில கறி சுடுற சத்தே கடையா? என் பாத்தியில ஒரு துண்டு விழக்கூடாது, சொல்லிட்டேன்!"

பக்கத்துப் பாத்திக்காரர்கள் இருவரும் சரி என்றார்கள். யாமினி தேக்கா சந்தையில் தேங்காய் துருவும் இப்ராஹீம் கடையிலிருந்து சிரட்டைகளை ரயிலில் சுமந்துபோய், பல்கலைக்கழக உலையில் சுட்டு, கரியாகக் கொண்டுவந்து சேர்த்தாள். அவள் மூட்டையோடு வரும்போதெல்லாம் கதிரேசன் மரியாதையாக விசாரிப்பார்: "இன்னிக்கு மட்டனா, கோழியா?"

ஒரு மாலை யாமினி அவர் பாத்தியருகே குந்தினாள். "ஈயம் எங்கிருந்து வருதுன்னுதான் புரியல. நீங்க உரமா என்ன போடுவீங்க?"

சின்னப் பெண் தோற்றுப்போய்க் கேட்கிறாள். கதிரேசனுக்கு மனம் இளகியது. "யாருக்கும் சொல்லாத. சாம்பல்! சாம்பலை மிஞ்சின உரம் உண்டா?"

"நம்ம புளோக்ல விறகு ஏது, அங்கிள்?"

அவர் பெருமிதத்தோடு கை நீட்டினார். கார் நிறுத்தத்தின் ஓரத்தில், சீனர்கள் தங்கள் ஏழாம் மாதத்தில் முன்னோருக்காகப் போலிப் பணத்தாள் எரிக்கும் இரும்புத் தொட்டி நின்றது. அடியில் தங்கும் சாம்பலை அவர் வருடக்கணக்காக வாளியில் அள்ளி வந்திருக்கிறார்.

யாமினி தொட்டியைப் பார்த்தாள். பிறகு பாத்தியைப் பார்த்தாள். "அந்தத் தாள்ல தங்கமும் வெள்ளியுமா மின்னுதுல்ல, அங்கிள்... சிலதுல அது ஈயம் கலந்த தகரம். மழைத் தண்ணி உங்க பாத்தியிலிருந்துதான் பக்கத்துக்கு ஓடுது."

கதிரேசன் மேகமே இல்லாத வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மழை வரும் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

யாமினி யாரிடமும் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கஃபார் வழக்கம்போல் கறிபாப்போடு கதவைத் தட்டினார்.

"கீரை இல்லையே, பாய்."

"இருந்தா என்ன, இல்லாட்டி என்ன லா. இத்தனை வருஷமா உங்க கீரையத்தானே சாப்பிட்டோம்."

கதிரேசன் கறிபாப்பை அப்படியே தட்டில் வைத்தார். கஃபாரின் வீட்டார் எல்லாரையும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார், யாமினி சொன்னதாக. அதைச் சொல்லும்போது கஃபாரின் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் யாமினி வீட்டு வாசலில் ஒரு சாக்கு மூட்டை சிரட்டை. பக்கத்தில் வியர்வையோடு கதிரேசன்.

"வழியில கிடந்துச்சு. எடுத்துட்டு வந்தேன்."

"தேக்கா எந்த வழியில இருக்கு, அங்கிள்?"

"சுத்து வழி."

அடுத்த ஞாயிறு காலை கதிரேசன் தன் பாத்தியில் மண்டியிட்டிருந்தார். முழங்கைவரை கறுப்பு. ஈரக் கரிப்பொடியைக் கைகளால் மண்ணோடு பிசைந்துகொண்டிருந்தார். சந்தைப் பையோடு வந்த கஃபார் நின்றார். ஒரு நல்ல வாய்ப்பை விட்டுவிடும் மனிதரல்ல அவர்.

"என்ன கதிர், இன்னிக்கு மட்டனா, கோழியா?"

கதிரேசன் தலை நிமிரவில்லை.

"கீரை, பாய். கொஞ்ச மாசம் ஆகும்."