தம்பி ஒட்டின றொக்கெட்

…விழுந்தால் விழட்டும் என்று சொல்ல ராஜினிக்கு வாய் வரவில்லை, போன முறை றொக்கெட் திரும்பி இறங்கும்போது விழுந்ததைப் போனில் கண்ணால் பார்த்தவள் அல்லவா, கடலில் நின்ற தட்டையான கப்பலில் காலை ஊன்றி, சம்பளநாள் குடிகாரன் மாதிரி ஒரு பக்கம் சரிந்து, பிறகு ஒரே நெருப்பு, அதற்குப் பிறகு தம்பி கிழமைக்கணக்கில் போன் எடுக்கவில்லை, அமெரிக்காவில் றொக்கெட் செய்கிற கொம்பனி ஒன்றில் இரும்பு ஒட்டுகிறவன் சாருஜன், கிளிநொச்சியில் உழவு மிசினுக்குப் பின்னால் இழுக்கிற பெட்டிகளை ஒட்டிப் பழகின அதே கை, இன்றைக்குப் போகிறதின் அடிப்பாதி அவனும் அவனோடு நிற்கிறவர்களும் ஒட்டினது, இதுவும் விழுந்தால் கொம்பனியை இழுத்து மூடுவாங்கள் அக்கா என்று நேற்றுச் சொன்னான், சொல்லிவிட்டுச் சிரித்தான், அந்தச் சிரிப்பை அவளுக்குத் தெரியும், சின்ன வயதில் மண்வெட்டி பட்டு நகம் பெயர்ந்தபோதும் இப்படித்தான் சிரித்தான்… அங்கே இரவு, இங்கே துணுக்காயில் வெயில் ஏறுகிறது, பெட்டியில் மணல் ஏற்றின லாண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு மிசின், முற்றத்தில் நிற்கிறது, அரிசி ஆலைக்காரன் மணலுக்குக் காத்திருப்பான், காத்திருக்கட்டும், போனை அதின் மட்காட்டில் சாய்த்துவைத்தாயிற்று, றொக்கெட் விடுவதை அதில் நேரடியாகக் காட்டுகிறார்கள், புருசன் நிஷாந்தன் தேத்தண்ணிக் கோப்பையோடு ஒரு பக்கம், அடுத்த வீட்டுத் தங்கம்மா பிடுங்கின முருங்கைக்காயோடு மறுபக்கம், உவன் ஒட்டினது எது பிள்ளை, உந்த வாலோ என்கிறா, வால் இல்லை மாமி, உடம்பு, உடம்பெண்டால் சரி என்கிறா தங்கம்மா, வால் என்றால் திரும்பிப் போயிருப்பா போல… எழும்பிவிட்டது, அம்மாளே, எழும்பிவிட்டது.

யோசித்துப் பார்த்தால் திரும்பி வருவதில் என்ன அதிசயம், இவ்வளவு காலமும் செய்ததுதான் விசர்வேலை, ஒரு நடை மணலைக் கொண்டுபோய்ப் பறித்துக் கொட்டிவிட்டு லாண்ட்மாஸ்டரைக் குளத்துக்குள் தள்ளிவிட்டு நடந்து வருகிறவன் உண்டா, அடுத்த நடைக்குப் புது லாண்ட்மாஸ்டர் வாங்குகிறவன் உண்டா, ஆனால் மேலே போனதெல்லாம் அப்படித்தான் போனதாம், ஒரு நடை, பிறகு கடல், சாருஜன் சொன்னபோது பகிடி விடுகிறான் என்றுதான் நினைத்தாள்… திரும்பி வருவதும் சும்மா இல்லை, வருகிற வழிக்கான எண்ணெயையும் போகும்போதே சுமக்கவேண்டும், சுமந்தால் ஏற்றுகிற சாமான் குறையும், அது அவளுக்குத் தெரிந்த கதை, காட்டுப்பக்கம் நெல்லுக்குப் போகிற நாளில் பெட்டிக்குள் டீசல் கான் வைத்தால் அந்த இடத்தில் ஒரு மூட்டை குறையும், வைக்காமல் போனால் யானைகளுக்கு நடுவில் நிற்கவேண்டும்… றொக்கெட் கொண்டுபோய் மேலே விடுகிற, வானத்திலிருந்து இன்ரநெற் தருகிற பெட்டிகளும் சாகாவரம் வாங்கினவை இல்லையாம், கொஞ்ச வருசத்தில் எரிந்து விழுந்துவிடுமாம், திரும்ப ஏற்றவேண்டும், திரும்ப, திரும்ப, ஆகக் கடைசியில் எல்லாம் நடைக்கூலிதான், மேலே போனாலும் கீழே போனாலும், நடை மலிந்தபடியால்தானே குளக்கட்டுக்குப் பின்னால் ஒரு கோட்டுச் சிக்னலும் எட்டாத இந்த முற்றத்திலும் தம்பி வாங்கி அனுப்பின இன்ரநெற் தட்டம் வானத்தைப் பார்த்தபடி குழாயின் உச்சியில் நிற்கிறது, தேத்தண்ணி கொண்டுவருகிற தட்டம் மாதிரியே, கோப்பைதான் இல்லை… இப்போது இறங்குகிறது, கீழே நெருப்பைத் துப்பித் துப்பி, கால்கள் விரிகின்றன, கப்பல் தெரிகிறது, இன்னும் கொஞ்சம், இன்னும்…

படம் நின்றுவிட்டது. வெள்ளை வட்டம் ஒன்று சுற்றுகிறது. விழுந்திட்டுதோ பிள்ளை என்கிறா தங்கம்மா, படம்தான் மாமி நிண்டது, றொக்கெட் இல்லை என்கிறான் நிஷாந்தன், ஆனால் அவன் கோப்பை வாய்க்குப் போகவில்லை, ராஜினி போனைத் தட்டிப் பார்க்கிறாள், தட்டம் பூட்டின நாளிலிருந்து இப்படி விட்டுவிட்டுத்தான் வருகிறது, இவ்வளவு நாளும் மழைமுகிலைத் திட்டினாள், மேலே பறக்கிற பெட்டியைத் திட்டினாள், நிஷாந்தன் போனைத் தடவி எதையோ எழுத்துக்கூட்டி, தட்டத்தை என்னவோ மறைக்குதாம் என்கிறான், எது மறைக்குது, பாலை மரத்துக் கொப்பெல்லாம் நீங்கள்தானே வெட்டினீங்கள், வெட்டினனான்தான், ஆனா உது ஆர் கட்டினது… அவன் மேலே காட்டுகிறான், ஐயோ, கரிச்சட்டி, சுண்ணாம்புப் புள்ளி போட்டு, தடியில் கவிழ்த்து, தட்டத்துக்கு மேலே அவளே கட்டினது, ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து வந்து அண்ணாந்து பார்த்தால் கண்ணூறு படாதா, கத்தரித் தோட்டத்துக்குக் கட்டுகிறவள் இவ்வளவு பெரிய சாமானுக்குக் கட்டாமல் விடுவாளா… கண்ணூறும் வரவில்லை, சிக்னலும் வரவில்லை என்று நிஷாந்தன் சிரிக்கத் தொடங்க, வாயை மூடுங்கோ என்று சொல்லிக்கொண்டே லாண்ட்மாஸ்டர் பெட்டியில் ஏறுகிறாள், கால் மணலுக்குள் புதைகிறது, எட்டவில்லை, மண்வெட்டியைத் தாங்கோ, ஒரு தட்டு, சட்டி அவள் தோளில் விழுந்து மணலில் உருளுகிறது, உடையவில்லை, முகமெல்லாம் கரி, கீழே தங்கம்மா கத்துகிறா, நிக்குது! நிக்குதடி! மட்காட்டில் சாய்ந்த போனில், புகைக்கு நடுவே அது நிற்கிறது, நேராக, தென்னங்கன்று மாதிரி, அங்கே யாரோ வெள்ளைக்காரர் கத்திக் குழறுகிறார்கள், இங்கே தங்கம்மா முருங்கைக்காயால் நிஷாந்தன் முதுகில் அடித்து அடித்துச் சிரிக்கிறா, ராஜினி மணலில் இருந்தபடியே அழுகிறாளா சிரிக்கிறாளா, அவளுக்கே தெரியவில்லை.

நிக்குதக்கா, பாத்தனீங்களோ, போனில் சாருஜனின் குரல் கீச்சிடுகிறது, பத்து வயதுக் குரல், பாத்தன்ரா, கரிபூசின மூஞ்சியோட பாத்தன், என்ன கரி, அது பிறகு சொல்லுறன், நீ சொல்லு… கழுவித் துடைச்சு, ஓட்டை வெடிப்புப் பாத்து, திரும்ப இதையே ஏத்துவினமாம், இது ஒண்டே கனநடை, பத்துப் பதினைஞ்சு நடை போகும் அக்கா, அப்ப நீ புதுசு ஒட்டத் தேவையில்லையோ என்று அவள் பகிடியாகத்தான் கேட்டாள், புதுசு இனி என்னத்துக்கு, மேல்பாதி மட்டும் ஒவ்வொருக்காலும் புதுசு, அது வேற ஆக்கள் செய்யினம், சிரித்தான், பிறகு, லீவு தருவினம் போல, தைப்பொங்கலுக்கு வரட்டே, வாடா, இதென்ன கேள்வி, பன்னிரண்டு வருசமாச்சு, வா… வைத்துவிட்டான். நிஷாந்தன் கைபிடியைச் சுற்றி லாண்ட்மாஸ்டரை ஸ்ரார்ட் பண்ணுகிறான், டக்டக்டக், சட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்குகிறாள், எங்கே கட்டுவது, வாசல் படலையில் கட்டுவோம், பதிவாக, தட்டத்தை மறைக்காமல்… அந்தக் கடைசிச் சிரிப்பு எந்தச் சிரிப்பு, றொக்கெட் நின்றதற்கான சிரிப்பா, நகம் பெயர்ந்த சிரிப்பா, புதுசு இனி என்னத்துக்கு என்றானே, லீவு என்றானே, வந்துவிட்டுப் போகிற லீவா, வந்தால் போகத் தேவையில்லாத லீவா, கேட்கவில்லை, கேட்டிருக்கலாம், இரண்டில் எது என்றாலும் அவன் இந்த முற்றத்தில் வந்து இறங்குவான் என்று நினைக்க உள்ளே இப்படிக் குதிக்கிறதே, இது சரியா… வாறீரோ இல்லையோ என்று நிஷாந்தன் கூப்பிடுகிறான், வாறன், வாறன், கரிக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவள் படலைக் கம்பில் சட்டியைக் கவிழ்த்தாள், ஒருமுறை தட்டத்தை அண்ணாந்து பார்த்தாள், இப்போது அங்கே எதுவும் மறைக்கவில்லை.