ஒரு டிகிரி

"இந்த அறையில ஹீட்டிங்கை முழுசா அணைச்சிடணும் மேடம். சனிக்கிழமை எடுக்கிற வரைக்கும்," என்றாள் செஸ்கா, பேரெண்டின் தலையணையைச் சரிசெய்தபடி.

ரூலி அப்போது கணவரின் ஸ்வெட்டருக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறம், தோல் பொத்தான், அவள் கையால் பின்னியது. முழங்கை இரண்டு தடவை கிழிந்து இரண்டு தடவையும் அவளே ஒட்டுப்போட்டுத் தைத்தது. மூன்றாவது பொத்தானில் அவள் விரல்கள் நின்றுவிட்டன.

"அணைக்கணுமா?"

"ஆமா மேடம். அறை எவ்வளவு குளிரா இருக்கோ அவ்வளவு நல்லது."

செஸ்கா இறுதிக் காரியங்கள் நடத்தும் நிறுவனத்திலிருந்து வந்தவள். காலை ஏழு மணிக்கு, நோயில் படுத்திருந்த இதே முன்னறைக் கட்டிலில், பேரெண்டின் உயிர் போனது. பத்து மணிக்கெல்லாம் வந்து, உடம்பைக் கழுவித் துடைத்து, முதுகுக்கு அடியில் குளிர்த் தட்டை வைத்து, அதன் வயரைச் சுவரில் செருகிவிட்டாள். தட்டு பழைய ஃபிரிட்ஜைப்போல மெல்ல உறுமியது. தன்னை வீட்டிலேயே வைத்திருக்க வேண்டும் என்று பேரெண்ட்தான் சொல்லியிருந்தார். "வெளியில எதுக்கு ஒரு அறை எடுத்துக்கிட்டு? நம்ம வீடு சும்மாவே குளிரும்," என்று சொல்லிச் சிரித்தார். ரூலியும் கூடச் சேர்ந்து சிரித்தாள். நல்ல யோசனை என்றுதான் அப்போது பட்டது.

"இது ராவும் பகலும் ஓடுமே, எவ்வளவு கரண்ட் இழுக்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

"அம்மா!" என்றாள் மார்லேன். உத்ரெக்டிலிருந்து விடியற்காலை ரயிலேறி வந்த மகள். அப்பாவை உயிரோடு பார்க்கக் கொடுத்துவைக்காதவள். அழுது வீங்கிய கண்ணோடு தாயைப் பார்த்த பார்வையில் ரூலி கூனிக் குறுகிப்போனாள். வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது. அவளுக்குத் தெரிந்து அந்த வீட்டில் எதைச் செருகினாலும் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

ரூலி எழுந்து முன்னறையிலிருந்து சமையலறைக்குப் போகும் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் போனாள். பழைய காலத்து வட்டக் குமிழ், பெரிய கறுப்பு எண்கள், சிவப்பு முள். முள் பதினெட்டில் நின்றது. குமிழில் கையை வைத்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம்தான், நேற்றுத்தான், பேரெண்ட் கேட்டார்.

"ரூலி, ஒரு டிகிரி கூட்டேன்."

"அந்தப் பச்சைப் போர்வையையும் போட்டுவிடறேன். வெந்நீர்ப் பை கொண்டுவரட்டுமா?"

"போர்வை கனமா இருக்கு. ஒரே ஒரு டிகிரி."

அவள் வந்து இதே இடத்தில் நின்றாள். கையையும் குமிழில் வைத்தாள். மனுஷனுக்கு உடம்பே சரியில்லை, வீட்டையே கொளுத்தினாலும் குளிரத்தான் செய்யும், ஒரு டிகிரி கூடினால் அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. கையை எடுத்துவிட்டாள். திரும்பி வந்து, "கூட்டிட்டேன்," என்றாள்.

பேரெண்ட் மூக்குக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். "ம். இப்ப பரவால்ல," என்றார்.

அதற்கப்புறம் அவர் அதிகம் பேசவில்லை.

ரூலி இப்போது முள்ளைத் திருகிப் பதின்மூன்றுக்குக் கொண்டுபோனாள். ஜன்னலோரம் வெந்நீர் ஓடும் ரேடியேட்டரின் திருகையும் மூடினாள். மாடியில், வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் மூச்சை நிறுத்தியது.

அவர்கள் எப்போதும் இப்படி இருந்தவர்கள் இல்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் எப்போதும் இப்படித்தான் இருந்தார்கள், அதில் சந்தோஷமாகவும் இருந்தார்கள். பேரெண்ட் உருளைக்கிழங்கு மாவு ஆலையில் வேலை பார்த்தார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் வீண்டம் ஊரில் இந்த வீட்டை வாங்கினார்கள், மார்லேனைப் படிக்க வைத்தார்கள். தயிர் பாட்டிலின் அடியை வழிக்க நீளக் காம்பில் ஒரு கரண்டி. ஒரு தேயிலைப் பைக்கு இரண்டு கோப்பை. பிறந்தநாள் பரிசு சுற்றி வரும் காகிதத்தை ரூலி இஸ்திரி போட்டு எடுத்துவைப்பாள். ஒருமுறை பேரெண்டின் அண்ணன் ஹார்ம் கொடுத்த பரிசு, அவருக்கே அதே காகிதத்தில் திரும்பிப் போனது. அதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் சிரித்தார்கள். அதெல்லாம் ஒரு விளையாட்டு. இரண்டு பேரும் ஒரே கட்சியில் நின்று ஆடிய விளையாட்டு.

எப்போது அவர் மட்டும் எதிர்க் கட்சிக்குப் போனார் என்பதுதான் ரூலிக்குத் தெரியவில்லை. எரிவாயு விலை தலைக்கு மேல் போன வருஷம் பத்தொன்பது டிகிரி பதினெட்டாயிற்று. ஊரே அப்படித்தான் செய்தது. பிறகு விலை இறங்கியது. பதினெட்டு மட்டும் பதினெட்டாகவே நின்றுவிட்டது. வங்கியில் பணம் இல்லாமல் இல்லை. "கொஞ்சம் குளிருதில்ல?" என்று பேரெண்ட் குளிர்காலத்துக்கு ஒரு தடவை கேட்பார். "ஸ்வெட்டர் போட்டுக்கோ," என்பாள். போட்டுக்கொள்வார். ஈர சாக்ஸை ரேடியேட்டர் மேல் காயப்போட்டால், "துணி போட்டா சூடு எப்படி அறைக்கு வரும்?" என்று எடுத்துவிடுவாள். அதற்கும் அவர் சரி என்பார். எல்லாவற்றுக்கும் சரி என்கிற மனுஷனோடு வாழ்வதில் இருக்கிற ஆபத்து அவளுக்கு அப்போது புரியவில்லை.

வியாழக்கிழமை பிற்பகல் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தார்கள். கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்னறையில் இரண்டு நிமிஷம் நின்று பேரெண்டைப் பார்த்துவிட்டு, நேரே சமையலறைக்கு ஓடி வந்தார்கள். அங்கே மார்லேன் வாங்கிவைத்த சின்ன மின்சார அடுப்பு சிவப்பாகக் கனன்றது. ரூலி ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பை காப்பி ஊற்றி, பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீட்டினாள். ஒன்று எடுத்துக்கொண்டதும் மூடினாள். அந்த ஊரில் யாரும் இரண்டாவதை எதிர்பார்ப்பதும் இல்லை.

ஹார்ம் அடுப்புக்கு மேல் கையைக் காட்டிச் சூடேற்றிக்கொண்டார்.

"என் தம்பி குடுத்துவச்சவன் ரூலி. இனிமே மேல போனாலும் கீழ போனாலும் அவனுக்கு ஹீட்டிங் செலவே இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பேரெண்ட் இருந்திருந்தால் அவரும் சிரித்திருப்பார். ரூலிதான் டப்பாவின் மூடியை அழுத்தி மூடுவதுபோல் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் போன பிறகு கடைசியாக ஒருத்தி வந்தாள். நூலகத்தில் வேலை செய்பவள், இல்சே என்று பேர் சொன்னாள். கையில் ஒரு சின்னத் தொட்டிச் செடி. முன்னறைக்குப் போனவள் கொஞ்சம் நேரம் அங்கேயே நின்றாள்.

"சட்டுனு எனக்கு அடையாளமே தெரியல," என்றாள் திரும்பி வந்து.

"ரொம்ப இளைச்சுட்டாரு," என்றாள் ரூலி.

"அதில்ல. ஸ்வெட்டர். எங்க லைப்ரரியில அவரை ஸ்வெட்டரோட யாருமே பாத்ததில்ல. வந்ததும் கோட்டு, மஃப்ளர், ஸ்வெட்டர் எல்லாத்தையும் கழட்டி மாட்டிடுவாரு. சட்டைக் கையை முழங்கை வரைக்கும் மடிச்சுவிட்டுக்கிட்டு, ஜன்னலோர ரேடியேட்டருக்குப் பக்கத்து நாற்காலியில உக்காந்துக்குவாரு. அதுக்கு நாங்க பேரெண்ட் நாற்காலின்னே பேர் வச்சிருக்கோம்."

ரூலி காப்பி ஊற்றினாள். தினமும் காலை பத்து மணிக்குப் போய் பன்னிரண்டரைக்குத் திரும்புவார். செய்தித்தாள் காசும் மிச்சம் என்று அவளுக்கு அதில் பெருமைதான்.

"பேப்பர் படிக்கத்தானே வருவாரு?"

"பேப்பரா?" இல்சே சிரித்தாள். "அது பாதி நாள் மடியில கிடக்கும். முதுகை ரேடியேட்டர்ல சாச்சுக்கிட்டு கண்ண மூடிடுவாரு. ஒருநாள் நான் கேலி பண்ணினேன், வீட்டுல தூங்க விடமாட்டாங்களான்னு. 'வீட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கு, இங்க வந்தா கையும் காலும் என்னோடதுன்னு தெரியுது'ன்னாரு."

"வேற என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலியே. உங்களைப் பத்தி எப்பவும் நல்லதாத்தான் சொல்லுவாரு. இந்த ஸ்வெட்டரை நீங்க பின்னினதுன்னு எல்லாருக்கும் காட்டுவாரு. காட்டிட்டுக் கழட்டிடுவாரு."

இல்சே ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள். ரூலியின் கை டப்பாவை மூடியது, பிறகு மறுபடி திறந்தது.

"இன்னொண்ணு எடுத்துக்கோ."

இல்சே தயங்கினாள். மார்லேன் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்துக்கோம்மா," என்றாள் ரூலி. "நிறைய இருக்கு."

இல்சே போன பிறகு ரூலி கோட்டை மாட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மூச்சு விடும்போது வாயிலிருந்து ஆவி வந்தது. நாற்பத்தாறு வருஷம் குளிர்காலத்தில் அவர் முழங்கையைப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த அறையை இப்போது சூடாக்கத் தடை இல்லாமல் இருந்தால் ஊரில் உள்ள எரிவாயுவையெல்லாம் கொளுத்தியிருப்பாள். இப்போது போய், கூடாது என்கிறார்கள்.

"நீ ஒரு தடவ கத்தியிருக்கலாம்," என்றாள் அவரிடம். "ஒரே ஒரு தடவ. 'எனக்குக் குளிருதுடி, கருமி'ன்னு கத்தியிருக்கலாம்."

குளிர்த் தட்டு உறுமிக்கொண்டிருந்தது.

"அம்மா, உள்ள வா. உனக்கு ஜுரம் வரப்போகுது," என்று மார்லேன் கதவருகே வந்து நின்றாள்.

"மார்லேன், உங்கப்பா எங்கிட்ட ஒரு டிகிரி கேட்டாரு. கூட்டலடி. கூட்டிட்டேன்னு பொய் சொன்னேன். இப்ப பரவால்லன்னாரு."

மார்லேன் உள்ளே வந்து தாயின் தோளைத் தொட்டாள். குரல் இறங்கியிருந்தது. "அப்பாவுக்குத் தெரியாதும்மா. பரவால்லன்னுதானே சொன்னாரு?"

"ஆமா. பரவால்லன்னுதான் சொன்னாரு."

ரூலி அதைப் பிடித்துக்கொண்டாள். அவருக்குத் தெரியாது. ஏமாந்ததுகூட ஒரு வகையில் சூடுதான், நம்பினவனுக்குக் கொஞ்சம் கதகதப்பாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை முழுக்க அந்த எண்ணத்தில்தான் நடமாடினாள்.

சனிக்கிழமை காலை செஸ்கா இரண்டு ஆட்களோடும் பெட்டியோடும் வந்தாள். வெளியே கார் நின்றது. ஹார்ம் கறுப்புக் கோட்டில் வாசலில் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

"பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி ஏதாவது செய்யணுமா மேடம்?"

"ஸ்வெட்டரைக் கழட்டணும்."

செஸ்கா அவளைப் பார்த்தாள். "கழட்டணுமா? நீங்களேதானே போட்டுவிட்டீங்க?"

"அவருக்குச் சட்டையோட இருக்கத்தான் பிடிக்கும். எனக்குத் தெரியாமப் போச்சு."

செஸ்கா தன் ஆட்களை ஜன்னல் பக்கம் நிற்கச் சொன்னாள். "நீங்க பொத்தானைக் கழட்டுங்க. தூக்கறதை நாங்க பாத்துக்கறோம்," என்றாள்.

ரூலி எப்போதும் ஜன்னல் பக்கமே உட்காருவாள். செஸ்காவின் ஆட்கள் அங்கே நின்றதால் சுவர்ப் பக்கம் போய் முழங்காலிட்டாள். மேல் பொத்தான் இறுக்கமாக இருந்தது. நன்றாகக் குனிந்தாள். அவள் தலை அவருடைய தலையணைக்கு அருகில், அவர் முகத்தின் உயரத்துக்கு வந்தது. பொத்தான் கழன்றதும் நிமிர்ந்து பார்த்தாள்.

நேரெதிரே தெர்மோஸ்டாட். இடையில் ஒரு நாற்காலி முதுகுகூட மறைக்கவில்லை. சிவப்பு முள் பதின்மூன்றில் நிற்பது கண்ணாடி போடாமலே அவளுக்குத் தெரிந்தது. திங்கட்கிழமை மத்தியானமும் அவர் தலை இதே தலையணையில்தான் இருந்தது.

"மேடம்?" என்றாள் செஸ்கா.

"ஒண்ணுமில்ல."

மீதிப் பொத்தான்களைக் கழற்றினாள். அவர்கள் தோளைத் தூக்க, ஸ்வெட்டரைக் கையிலிருந்து உருவி எடுத்தாள். வெள்ளைச் சட்டையின் இரண்டு கைகளையும் முழங்கை வரை, நான்கு மடிப்பாக, ஒன்றுபோல மடித்துவிட்டாள். மெலிந்த கை, மணிக்கட்டுக்கு மேல் ஆலையில் பட்ட பழைய சூட்டுத் தழும்பு. அதைத் தடவினாள். மார்லேன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். குளிர்த் தட்டின் வயரைச் செஸ்கா பிடுங்கியதும் அறை நிசப்தமாயிற்று. ஹார்ம் வெளியிலிருந்து, "ரூலி, நேரமாச்சு. நமக்காகக் காத்திருப்பாங்க," என்றார்.

"இதோ."

ரூலி தெர்மோஸ்டாட்டுக்குப் போய் முள்ளைத் திருகினாள். பதினெட்டைத் தாண்டியது. பத்தொன்பதையும் தாண்டியது. இருபத்திரண்டில் விட்டாள். மாடியில் கொதிகலன் குப்பென்று பற்றிக்கொண்டது. பிறகு ரேடியேட்டரின் திருகை, இனித் திரும்பாது என்கிறவரை திறந்தாள்.

"அம்மா, என்ன பண்ற?" மார்லேன் வாசலில் கையுறையோடு நின்றாள். "சாயங்காலம் வரைக்கும் வீட்ல யாரும் இருக்க மாட்டோமே."

"தெரியும்."

குழாய்களுக்குள் தண்ணீர் முனகிக்கொண்டு வந்தது. ரூலி ஸ்வெட்டரை உதறி ரேடியேட்டர் மேல் விரித்தாள். ஒரு கை உள்பக்கம் சுருண்டிருந்தது. அதை வெளியே இழுத்து, ஒட்டுப்போட்ட முழங்கை சூட்டில் படும்படி நீவிவிட்டாள்.