இகராஷி-சானின் சோதனை ஒலி

அகிஹபாரா மின்சாதனக் கடைத்தெருவில் பதினொரு வருடமாக இயர்போன் விற்கிறேன். காது பைத்தியங்கள் எல்லாரையும் பார்த்தாயிற்று. ஆனால் இகராஷி-சான் தனி ரகம். ஞாயிறு தவறாமல் வந்து ஒவ்வொன்றாக மாட்டிக் கேட்பார், ஒன்றுகூட வாங்கியதில்லை.

அன்று அவர் பாட்டு கொண்டுவரவில்லை. சாப்பாட்டு மேசையில் கிடந்த அவருடைய ரெக்கார்டரில் காலையில் அவர் மனைவி சாச்சிகோ ஏதோ பேசி வைத்திருந்தாராம்; அதைக் கொண்டுவந்திருந்தார்.

"மனுஷக் குரல்தாங்க சரியான சோதனை," என்று முதல் இயர்போனை மாட்டினார். "சே, பேஸ் ஓவர், ஒரே கும்முங்குது. சாச்சிகோ கிணத்துக்குள்ளேருந்து பேசுற மாதிரி இருக்கு."

இரண்டாவதைத் துடைத்துக் கொடுத்தேன்.

"இது தேவல. மூக்க உறிஞ்சுறதுகூடக் கேக்குது!"

மூன்றாவது மூன்று லட்சம் யென். மாட்டியதும் கண்களை மூடிக்கொண்டார்.

"அடடா! சக்கரம் வச்ச பெட்டி இடது காதுலேருந்து வலது காதுக்கு உருளுதுங்க. கதவு சாத்துறது அப்படியே தலைக்குப் பின்னாடி!"

துடைக்கிற துணியைக் கீழே வைத்தேன். "அவங்க என்னதான் சொல்றாங்க?"

"நடுவுல, கொஞ்சம் முன்னாடி நின்னு சொல்றா."

"எங்க நின்னுன்னா கேட்டேன்? என்ன சொல்றாங்கன்னு கேட்டேன்!"

"அத யாரு கவனிச்சா?"

முறைத்துக்கொண்டே மறுபடி ஓடவிட்டார். இந்த முறை கண்களை மூடவில்லை. முடிந்ததும் மெதுவாகக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த மொத இயர்போனுக்கு பில் போடுங்க," என்றார். "கிணத்துக்குள்ளேருந்தே பேசட்டும்."